பெரியக்காவின் பத்தொன்பது கிலோ

பஸ் டிப்போ கேண்டீனில் சமையல் பார்க்கிறவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், பஸ் கழுவுகிறவர்கள், மேனேஜர் வரைக்கும். தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படிக் கூப்பிடுவதை அவள் வெகுநாள் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த கண்டக்டர் ஒருவர், "யாருங்க இந்தப் பெரியக்கா?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர் பதில் சொல்லாமல் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். சாப்பாடு கொடுக்கிற ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்த்துவிட்டாள். கோபம் ஒன்றும் வரவில்லை. கை விரித்தவர் தட்டில் அன்றைக்கு ஒரு கரண்டி குறைந்தது, அவ்வளவுதான்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தொண்ணூற்று நாலு கிலோ. உயரமும் அப்படியொன்றும் இல்லை. முழங்கால் வலியால் கீழே உட்கார்ந்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். ஆனால் எடையைப் பற்றி அவள் கவலைப்பட்டதே கிடையாது. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் மதியம் இரண்டரை மணி வரை நின்ற கால் நின்றபடி வேலை. இருநூறு பேருக்குச் சாப்பாடு. "நாள் பூரா ஓடி ஓடி வேலை பாக்கறேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ் வேண்டிக்கிடக்கு?" என்பாள். வீட்டுக்காரர் அதே டிப்போவில் டயர் மாற்றுகிறவர். ஆள் ஒட்டடைக் குச்சி. இரண்டு பேரும் சேர்ந்து வேலைக்கு வருவதைப் பார்த்தால் ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து பத்து வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் கிண்டல் செய்வார்கள். அவர்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, அவனுக்குத் தலை வாரி, சாப்பாடு கட்டி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனது எல்லாம் அக்காதான். அந்தத் தம்பிக்கு நாற்பத்தோரு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடக்க வேண்டும். பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் பாதி நாள் லீவு போட ஆரம்பித்தான். முகம் மண் நிறத்துக்கு வந்துவிட்டது. அவன் பெண்டாட்டி தன்னுடையதைக் கொடுக்கத் தயாராக இருந்தாள், ரத்த வகை சேரவில்லை. இறந்துபோனவர்களின் கிட்னிக்குப் பேர் பதிந்து வைத்தார்கள், கிடைக்க வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

"என்னோடத எடுத்துக்கங்க" என்று பெரியக்கா போய் நின்றாள். ஏதோ இரவல் கேட்டவர்களுக்குக் குடையைக் கொடுக்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். சோதனைகள் நடந்தன. மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ரத்த வகை சேருது. மத்ததும் நல்லாப் பொருந்துது. ஆனா இப்ப உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாதும்மா."

"ஏன் டாக்டர்?"

"எடை. சர்க்கரையும் வாசல் வரைக்கும் வந்து நிக்குது. ஒரு கிட்னிய எடுத்துட்டா மிச்சம் இருக்கறது உங்களுக்கு ஆயுசு பூரா உழைக்கணும். இந்த உடம்ப வெச்சுக்கிட்டு அதை நம்பி உங்கள அனுப்ப எனக்கு மனசு வராது. எழுபத்தஞ்சுக்கு வாங்க. சர்க்கரையும் இறங்கட்டும். அப்புறம் பேசலாம்."

"பத்தொன்பது கிலோவா?"

"ஆமா. அவசரப்படாம, நிதானமா."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை அவள் காதில் ஏறவே இல்லை. தம்பி அங்கே படுத்துக் கிடக்கிறான், இதில் நிதானம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். காலையில் எலுமிச்சைச் சாறு. மதியம் வெள்ளரிக்காய். சாயங்காலம் ஒரு ஆப்பிள், அதிலும் பாதி. பசித்தால் தண்ணீர். இருநூறு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். "நீங்க சும்மா இருங்க" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள். பதினாலு நாளில் ஐந்து கிலோ இறங்கியது. இப்படியே போனால் இரண்டு மாதத்தில் காரியம் முடிந்தது என்று விரல் விட்டு எண்ணினாள்.

பதினைந்தாம் நாள் காலை, கொதிக்கிற பருப்பு அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, அடுப்புப் பக்கம் சாயாமல் பின்னால் இருந்த உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். கரண்டி தெறித்து முழங்கையில் சூடு பட்டதோடு போயிற்று. வீட்டுக்காரர் கையெல்லாம் கறுப்பு மையோடு ஓடிவந்தார். டிப்போ ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

"இந்த அஞ்சு கிலோல பாதி வெறும் தண்ணி. இன்னொரு பங்கு உங்க சதை. கொழுப்பு கொஞ்சந்தான் போயிருக்கு. தம்பிக்கு ஒரு நல்ல கிட்னி குடுக்கணும்னா அது இருக்கற உடம்பு நல்லா இருக்க வேண்டாமா? இப்படிப் பட்டினி கிடந்தா ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுக்க வேண்டியதுதான்."

அன்றைக்கே அவளை டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

எக்ஸ்-ரே அறைக்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன அறை. மேஜை மேல் ஒரு காலித் தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு எடை மெஷின். டயட்டீஷியன் இருபத்தெட்டு வயதுக்கு மேல் இராது. இந்தச் சின்னப் பெண்ணா நமக்குச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லப் போகிறாள் என்று பெரியக்காவுக்கு முகம் சுருங்கியது. ஆனால் அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டை நீட்டினாள்.

"ஒரு வாரம் நீங்க எப்பவும் சாப்பிடற மாதிரி சாப்பிடுங்கக்கா. எதையும் குறைக்க வேண்டாம். எழுதி மட்டும் கொண்டாங்க."

ஒரு வாரம் கழித்து நோட்டைப் புரட்டிய அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். காலையில் இரண்டு ரொட்டி, மதியம் கொஞ்சம் சோறு, காய், இரவு மறுபடி கொஞ்சம் சோறு, மூன்று டீ.

"இதான் சாப்பாடுன்னா நீங்க இந்த எடையில இருக்கவே முடியாதேக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேங்கறியா?"

"பொய் இல்ல. எழுத மறந்தது ஏதாவது இருக்கும். சமைக்கறப்ப ருசி பாப்பீங்கல்ல?"

"அது சாப்பாடா? அது வேலை."

டயட்டீஷியன் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஒண்ணு செய்வீங்களா? வாயில போடற ஒவ்வொரு தடவையும், அதே அளவு இன்னொண்ணு எடுத்து ஒரு பாத்திரத்துல போட்டுட்டு வாங்க. வேலை முடிஞ்சதும் அதைப் பாருங்க. எனக்குக் காட்ட வேண்டாம், நீங்க பாத்தாப் போதும்."

என்ன விளையாட்டு இது என்று நினைத்தாலும் செய்தாள். சோறு வெந்ததா என்று ஒரு பிடி. பருப்பு ஒரு கரண்டி, உப்புப் போட்ட பிறகு இன்னொரு கரண்டி. பொரித்த உருளைக்கிழங்கில் உடைந்தது நாலு. கறியில் ஒரு துண்டு, வெந்துவிட்டதா என்று இன்னொரு துண்டு. ஜன்னலில் பரிமாறி முடித்ததும் தட்டில் ஒட்டியிருந்த மீன் வறுவல். மிஞ்சினதை எறிய மனசில்லாமல் இனிப்பு ரொட்டி இரண்டு. மதியம் எல்லாரும் போன பிறகு பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். விளிம்பு வரை நிறைந்து, மூடியின் உள்பக்கத்தில் சோறு ஒட்டியிருந்தது. லாங் ரூட் ஓட்டிவிட்டு வருகிற டிரைவர் ஒருத்தர் வயிறு முட்டச் சாப்பிடுகிற சாப்பாடு அது. அதைத் தினமும், நின்றபடியே, சாப்பிட்டோம் என்ற நினைப்பே இல்லாமல், இருபத்தோரு வருடமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறாள்.

மூடியில் ஒட்டிய சோற்றை விரலால் வழித்துப் பாத்திரத்துக்குள் தள்ளினாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அப்பாடா என்றிருந்தது. எதனால் என்றே தெரியாமல் கொழுத்துக்கொண்டிருந்த உடம்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் கையில் எடுத்துக் கழுவி வைக்கக்கூடிய காரணம்.

சமையல்காரி ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது? அதற்கு வழி அவளே கண்டுபிடித்தாள். டிப்போவில் ஒரு மூத்த கண்டக்டர் இருந்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்தது. என்ன சமைத்துப் போட்டாலும் முதல் வாய் வைத்ததும் "உப்பு கம்மி" என்பார். அதனால் அவருக்கு உப்புக்காரர் என்றே பெயர். பெரியக்கா நேராக அவரிடம் போனாள்.

"அண்ணே, நாளையில இருந்து உப்பு நீங்கதான் பாக்கறீங்க."

"நானா?"

"இருபது வருஷமா கம்மி கம்மின்னீங்கல்ல. வந்து சரி பண்ணுங்க."

உப்புக்காரருக்கு ஏதோ பதவி உயர்வு வந்த மாதிரி ஆகிவிட்டது. காலை டிரிப் முடித்துப் பத்தரை மணிக்குச் சட்டைப் பையில் சொந்த ஸ்பூனோடு வந்து நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்ப்பார். முதல் வாரமே "உப்பு ஜாஸ்தி" என்று நாலு பக்கமும் இருந்து புகார் வந்தது. மனிதருக்கு முகம் வாடிப்போயிற்று. தான் பார்த்த உப்பைத் தானே குறை சொல்ல முடியுமா? மெல்ல மெல்லக் கையை இறுக்கிக்கொண்டார். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதையும், டாக்டர் பல தடவை உப்பைக் குறைக்கச் சொன்னதையும் அந்தச் சமயத்தில்தான் அவர் வாயைத் திறந்து சொன்னார். அதற்கப்புறம் டிப்போ முழுவதற்கும் உப்பு ஒரு படி இறங்கியது. நாக்குப் பழகிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

டயட்டீஷியன் அவளுக்கு எதையும் தடை செய்யவில்லை. தட்டில் பாதி காய்கறி. ஒரு கையளவு முட்டையோ மீனோ பருப்போ. சோறு ஒரு கிண்ணம், கிண்ணத்தின் மேல் கோபுரம் கட்டக்கூடாது. டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைப்பது. இதெல்லாம் சுலபமாகவே இருந்தது. சிரமமாக இருந்தது ஒன்றுதான்.

"உக்காந்து சாப்பிடுங்கக்கா."

பதினொரு மணிக்கு, மதியக் கூட்டம் வருவதற்கு முன்னால், அவள் தனக்கென்று ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபத்தோரு வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அங்கே இருந்த இரண்டு டிரைவர்கள் பதறி எழுந்துவிட்டார்கள். "என்ன பெரியக்கா, உடம்பு சரியில்லையா?"

"சாப்பிடறேன்ப்பா" என்றாள். தன் சமையல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் அதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "இது தெரியாமயா நான் உன்னைக் கட்டிக்கிட்டேன்?" என்றார்.

நடப்பதில் வேறு மாதிரி சிக்கல். வீட்டிலிருந்து டிப்போ மூன்று ஸ்டாப் தள்ளி இருந்தது. நடந்தே போகலாம் என்று கிளம்பினால் வருகிற பஸ் எல்லாம் அவள் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறுங்க பெரியக்கா!" வேண்டாம் என்றால் டிரைவர் விடுவதில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும், பயணிகள் எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் கூச்சத்தில் ஏறிவிடுவாள். நாலு நாளில் நாற்பது அடிகூட நடக்கவில்லை. ஐந்தாம் நாள் கேண்டீன் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டாள்: "ரோட்டில் எனக்காக வண்டி நிறுத்துகிறவருக்கு அன்று சாப்பாடு கிடையாது." அதற்கப்புறம் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். மதியம் மூன்று மணிக்கு, பஸ்கள் வெளியே போயிருக்கிற நேரத்தில், டிப்போ மைதானத்தைச் சுற்றி வரவும் ஆரம்பித்தாள். முதல் நாள் இரண்டு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் டயர் ஷெட்டில் இருந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூட நடந்தார். மறுநாளும் வந்தார்.

முதல் மாதம் முடிந்து மெஷினில் ஏறினாள். பட்டினிக்கு முன்னால் இருந்த தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று இரண்டாகியிருந்தது.

"ரெண்டு கிலோதானா! நானா பட்டினி கிடந்தப்ப ரெண்டு வாரத்துல அஞ்சு இறக்கினேன்."

"அந்த அஞ்சும் எத்தனை நாள்ல திரும்பி வந்துச்சுக்கா?"

பெரியக்கா நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பத்து நாளில் வந்திருந்தது.

தம்பிக்கு இதெல்லாம் சங்கடமாக இருந்தது. டயாலிசிஸ் அன்றைக்கு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் போய் உட்காருவாள். "உன்னை வயித்தக் கட்ட வெச்சு நான் பொழைக்கணுமாக்கா?" என்றான் ஒருநாள்.

"யார்றா வயித்தக் கட்டறது? முன்னெல்லாம் கொறிச்சேன், இப்பதான் சாப்பிடறேன். உனக்கு நான் நன்றி சொல்லணும்."

ஊசி குத்தாத கையால் அவன் ஒரு கிராஃப் தாளில் அவள் எடையைக் குறிக்க ஆரம்பித்தான். வாரத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு. நாலு மணி நேரத்தை ஓட்ட அவனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட, "இந்த வாரம் அக்கா எவ்வளவு?" என்று விசாரித்தார்கள்.

ஐந்தாம் மாதம் எண்பத்து மூன்றில் வந்து கோடு படுத்துவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம். நடையைக் கூட்டினாள். தண்ணீர்க் கேன்களைத் தூக்கித் தூக்கி வைத்தாள். டயட்டீஷியன் சொல்லிக் கொடுத்தபடி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து பயிற்சி செய்தாள். முள் அசையவில்லை. ஒரு மத்தியானம் ஆத்திரம் தாங்காமல், பேக்கரிக்காரர் கொண்டுவந்து வைத்த தட்டில் இருந்து ஆறு கிரீம் பன்னைத் தின்றுவிட்டாள். தின்ற பிறகு அழுதாள். அப்படியே டயட்டீஷியனிடம் போய், செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

"சரி, அடுத்தது எப்ப சாப்பிடுவீங்க?"

"இனிமே என்ன, திங்கக்கிழமைல இருந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கறேன்."

"திங்கக்கிழமை எதுக்குக்கா? அடுத்த வேளையே எப்பவும் போலச் சாப்பிடுங்க. ஒரு டயர் பஞ்சர்னா மாமா மிச்ச டயரையும் குத்தி விடுவாரா?"

பெரியக்காவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியும் தாளை விரித்துக் காட்டினான். "இந்த ஆறு புள்ளிய மட்டும் பாக்காதக்கா. முழுக் கோட்டையும் பாரு. இறக்கம் இறக்கந்தான்." ஏழாவது வாரம் அரைக்கிலோ இறங்கியது. வார்டில் கைதட்டினார்கள்.

ஒன்பதாம் மாதம், எழுபத்தெட்டரையில் இருந்தபோது, அந்த போன் வந்தது. பதினொரு மணி. அவள் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தம்பி பெண்டாட்டி பேசினாள். "அண்ணி, ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டாங்க. இறந்துபோன ஒருத்தரோட கிட்னி கிடைச்சிருக்காம். உடனே வரச் சொல்றாங்க."

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்தில் தனக்குள் என்னவெல்லாம் ஓடியது என்பதைப் பெரியக்கா பிற்பாடு வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். சந்தோஷம் இருந்தது, பயம் இருந்தது. நடுவில், யாருக்கும் தெரியாமல், ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. இன்னும் மூன்றரை கிலோதான் பாக்கி. நம்முடையது வேண்டாமென்று ஆகிவிட்டதா? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அந்த நேரம் எங்கோ இன்னொரு ஆஸ்பத்திரியில் ஒரு குடும்பம் ஒரு பிணத்தைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் மற்ற எல்லாம் அடங்கிப்போயிற்று.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. மேஜை மேல இருக்கறப்பவே சிறுநீர் வந்துடுச்சு" என்றார். பெரியக்கா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள். தம்பி தேறினான், முகத்தில் ரத்தம் ஓடியது, பள்ளிக்கூடம் போனான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விருந்து வைத்தாள். நடையை விட்டாள். மறுபடி நின்றுகொண்டே ஒரு வாய், இரண்டு வாய். உப்புக்காரர் ஸ்பூனோடு வந்தால், "நானே பாத்துக்கறேன்ணே" என்று அனுப்பினாள். மூன்று மாதத்தில் எண்பத்து மூன்று. காரணம் போய்விட்டது, அதனால் காரியமும் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தம்பியைச் செக்கப்புக்குக் கூட்டிப் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டயட்டீஷியன் எதிரே வந்தாள். பெரியக்கா தூண் பக்கம் ஒதுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"உங்க அட்டைய நான் இன்னும் மூடல. ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கு, வாங்கக்கா."

"எனக்கு எதுக்கும்மா இனிமே? அதான் கிட்னி கிடைச்சுடுச்சே."

பக்கத்தில் நின்ற தம்பி அப்போது வாயைத் திறந்தான். "அக்கா, இது பத்து வருஷம் வரலாம், பதினஞ்சு வரலாம். கணக்குப்படி அதுக்கப்புறமும் நான் உயிரோட இருப்பேன். அப்ப உன்கிட்டதான் வந்து நிப்பேன். நீ என் மாத்து டயர்."

கூட வந்திருந்த வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தொழில்காரர் தோரணையில் தலையாட்டினார். "மாத்து டயர்தானேன்னு காத்துப் பாக்காம விடக்கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியக்காவும் சிரித்தாள். ரத்தமும் கொடுத்தாள். ஆனால் அவளை மறுபடி வழிக்குக் கொண்டுவந்தது அந்தச் சிரிப்பு அல்ல. மறுவாரம் ரிப்போர்ட் வந்ததும், பழையதும் புதியதுமாக இரண்டு எண்களை டயட்டீஷியன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எழுபத்தெட்டரையில் இருந்தபோது வாசலை விட்டுப் போயிருந்த சர்க்கரை இப்போது மறுபடி தெருமுனைக்கு வந்திருந்தது. தம்பி மெஷினோடு படுத்துக் கிடந்த அந்தக் கட்டில்களை அவள் ஒன்பது மாதம் பார்த்திருக்கிறாள். அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரையில்தான் தொடங்கியது. தம்பியைக் காப்பாற்றப் போனவள் வழியில் தன்னையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத் தெரிந்துகொள்ளாமலே பாதியில் இறங்கப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது தடவை அவசரமே இல்லை. மாதம் ஒரு கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. ஒன்றேகால் வருடம் பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் எழுபத்தைந்து காட்டியது. யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மதியம் கேண்டீன் தரையில் உருண்டுபோன வெங்காயத்தைப் பொறுக்கக் கீழே உட்கார்ந்தவள், எதையும் பிடித்துக்கொள்ளாமல் அப்படியே எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்ததே அவளுக்கு உறைத்தது. மறுபடி ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடம் வலியோடு தன்னைச் சுமந்த கால்கள் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. குனிந்து இரண்டு முட்டியையும் தடவிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் எடை எழுபத்து நாலுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. ஏறினால் பயப்படுவதில்லை, இறங்கினால் குதிப்பதில்லை. கிரீம் பன்னும் சாப்பிடுகிறாள், ஒன்று, உட்கார்ந்து. உப்புக்காரர் ரிட்டயர் ஆன பிறகும் பத்தரை மணிக்கு வந்துகொண்டிருக்கிறார்.

கிட்னி கொடுத்த குடும்பத்துக்கு, பேர் ஊர் இல்லாமல், ஒரு கடிதம் எழுதலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தம்பி ஒரு வருடமாக எழுதி எழுதிக் கிழித்தான். "கணக்குன்னா போட்டுடுவேன்க்கா, இது வரல" என்றான். மூன்றாம் வருடம், எழுபத்தைந்தைத் தொட்ட சில மாதம் கழித்து, பெரியக்கா ஒரு மதியம் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து தானே எழுதினாள். சாமான் பட்டியல் தவிர அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் தாள் அது.

"ஐயா, அம்மா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. என் தம்பிக்கு நான் குடுக்கறதா இருந்துச்சு. என் உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டாங்க. அதை நான் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். நான் தயாராகறதுக்குள்ள உங்க வீட்டு ஆளு குடுத்துட்டாங்க. உங்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு என்னால நினைக்கத்தான் முடியும். என் தம்பி நல்லா இருக்கான். திரும்பப் பாடம் நடத்தறான். உங்களால எனக்கு ரெண்டு கிட்னியும் இருக்கு. ரெண்டையும் பத்திரமா வெச்சிருக்கேன். நான் சமையல்காரி. தினம் பதினோரு மணிக்கு உக்காந்து சாப்பிடறேன். அப்ப உங்கள நினைச்சுக்கறேன்."

ஆஸ்பத்திரியில் அதை வாங்கிக்கொண்ட அம்மாள், பேர் ஊர் ஏதாவது தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதையாவது அடிக்கணுமா மேடம்?" என்று பெரியக்கா கேட்டாள்.

"ஒரு வார்த்தையும் அடிக்க வேண்டாம்" என்று சொல்லி அவர் தாளை உறையில் போட்டு ஒட்டினார்.